வீட்டில வைச்சுப் பார்க்கிற வேலை: சம்பளம் தாற அக்கா சொல்லுறதைக் கேக்கிறதோ, அண்ணை சொல்லுறதைக் கேக்கிறதோ?

வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 26 வயசு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு போன் கடையில நிண்டனான். கடை பூட்டுப்பட்டாப் பிறகு மூண்டு மாசமா ஒரு அண்ணையைப் பார்க்கிற வேலைக்குப் போறன். அவருக்கு 43 வயசு. ஆறு வருசத்துக்கு முன்னம் மோட்டச்சைக்கிள் விபத்தில முள்ளந்தண்டு அடிபட்டு நெஞ்சுக்குக் கீழ உணர்வில்லை. கை ரெண்டும் நல்ல பலம். ஏ.எல் பெடியள் ரெண்டு பேருக்கு வீட்டிலயே கணக்கீடு சொல்லிக் குடுக்கிறார். அம்மாவுக்கு 74 வயசு, அவவால இனி தூக்கிப் பறிக்க ஏலாது. நான் காலமை 6 மணிக்குப் போய் பின்னேரம் 6 மணிக்கு வாறனான். சம்பளம் அனுப்புறது கனடாவில இருக்கிற அவற்ற அக்கா.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகுது. அண்ணைக்கு ஒருநாளெண்டாலும் வெளிவீதியில இருந்து சுவாமி வாறதைப் பார்க்கவேணும். விபத்துக்குப் பிறகு ஒருக்காலும் போகேல்லையாம். இதை அவர் என்னட்டக் கேட்டது முகம் சவரம் எடுத்துக்கொண்டிருக்கேக்க, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மெல்லமா. நான் ஓம் எண்டிட்டன். அடுத்தநாள் அக்கா வட்ஸ்அப்பில குரல்பதிவு போட்டிருக்கிறா: "அவனைக் கூட்டிக்கொண்டு போகாதையும் தம்பி. வெயில், சனம். ஏதும் நடந்தா நீர்தான் பொறுப்பு."

இன்னொண்டு. அறைக்குள்ள கமரா பூட்டப்போறாவாம். அண்ணை ஒண்டும் சொல்லேல்லை, ஆனா அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை.

சம்பளம் தாறது அக்கா, வேலை செய்யிறது அண்ணைக்கு. நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது? இந்த வேலையில அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. என்ர அம்மாவும் ஒரு பக்கத்தால "படிச்ச பெடியன் மூத்திரம் அள்ளப் போறான்" எண்டு அழுகிறா. அது வேறை.

மந்திகை அக்கா:

தம்பி, நான் 11 வருசமா இந்த வேலைதான். வடமராட்சியில ஒம்பது வீடு பார்த்திட்டன். முதல் அம்மான்ர கதைக்கு வாறன், ஏனெண்டா அதை "வேறை" எண்டு தள்ளிவைக்க ஏலாது. என்ர மச்சாளும் இதே வேலைதான் செய்யிறா, லண்டனில. ஊரில அவவைப் பற்றிச் சொல்லேக்க "கெயார் வேர்க்கரா இருக்கிறா" எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லுவினம். என்னைக் கேட்டா "ஒரு வீட்டில நிக்கிறாள்" எண்டுவினம். ரெண்டு பேரும் செய்யிறது ஒரே வேலை. நான் இப்ப ஆரும் கேட்டா நேர சொல்லுறனான்: பாரிசவாதம் வந்த ஒரு ரீச்சரை எழுப்பி, குளிப்பாட்டி, சீலை உடுத்தி, பேப்பர் வாசிக்க விறாந்தையில இருத்திப்போட்டு வாறன் எண்டு. நீங்களும் அம்மாவுக்கு அப்பிடி ஒருநாள் முழுக்கச் சொல்லிக் காட்டுங்கோ. பெடியளுக்கு அவர் கணக்குச் சொல்லிக் குடுக்கிறார் எண்டால் அந்த மேசைக்கு அவரைக் கொண்டுபோய் விடுறது நீங்கள்.

இனி அக்காவா அண்ணையா எண்டதுக்கு. அண்ணைதான். அதில ரெண்டாம் கதை இல்லை. ஆனா அக்காவை எதிரியாக்கிப்போடாதேங்கோ. அவவுக்கு அங்க இருந்து தெரியிறதெல்லாம் பயம் மட்டும்தான். நீங்கள் எப்பிடிக் கூட்டிக்கொண்டு போகப்போறீங்கள், எத்தினை மணிக்கு, ஆர் கூட வருகினம், என்ன கொண்டுபோறீங்கள் எண்டு எழுதி, அண்ணையே வாசிச்சுக் காட்டட்டும். நீங்கள் இல்லை, அவர் கதைக்கவேணும்.

பனிக்காலம்:

நான் ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். அந்த அக்கா நானில்லை, ஆனா நானும் அப்பிடி ஒரு அக்காதான். அதால கோவிக்காமல் கேளுங்கோ.

என்ர தம்பியும் சில்லுக்கதிரையிலதான். 2019 இல ஒரு கலியாணத்துக்கு வானில கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவை. எட்டு மணித்தியாலம் ஒரே இருப்பு. பார்க்கிற பெடியன் நல்ல பெடியன்தான், பாசமும் இருந்தது, ஆனா ஒருத்தரும் அவனுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. திரும்பி வரேக்க பிட்டத்தில ஒரு சிவப்பு. பவுடர் போட்டவையாம். பத்து நாளில அது குழியாப்போச்சு, எலும்பு தெரியிற அளவுக்கு. ரெண்டு மாசம் வாட்டில கிடந்தவன். நான் ரிக்கற் போட்டு ஓடி வந்து அவன்ர புண்ணைப் பார்த்தனான். அதைப் பார்த்தாப் பிறகு "போகட்டும், அவன்ர விருப்பம்" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஏதும் நடந்தா நீங்கள் எல்லாரும் வேறை வீட்டு வேலைக்குப் போவியள். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி.

ஓய்வுபெற்ற பிசியோ:

பனிக்காலம் எழுதியதை யாரும் இலேசாகக் கடந்து போகவேண்டாம். படுக்கைப்புண் அப்படித்தான் வரும். ஆனால் அந்தத் தம்பியைப் புண்ணாக்கியது பயணம் அல்ல. எட்டு மணித்தியாலம் அசையாத இருப்பு. அதே எட்டு மணித்தியாலத்தை வீட்டுக்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாலும் அதே புண் வரும். வீட்டுக்குள்ளேயே வந்த புண்களை நான் வேலை செய்த காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வேப்பமரத்தடிக்குச் சில விடயங்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உணர்வில்லாத உடம்புக்கு நோ தெரியாது. எங்களுக்கு ஒரு பக்கம் நொந்தால் அறியாமலே அசைந்து இருப்போம். அவருக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போவதில்லை. ஆகவே மணிக்கூடு பார்த்துச் செய்யவேண்டும். கதிரையில் இருக்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, முடிந்தால் அதற்கும் முன்னதாக, முன்னுக்குக் குனிந்து அல்லது பக்கத்துக்குச் சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கவேண்டும். கை பலமாக இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே அதை அவரே செய்வார். நினைவூட்டுவது உங்கள் வேலை. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். காலையும் இரவும் நாரி, பிட்டத்து எலும்பு, இடுப்பின் பக்கம், குதிக்கால் எல்லாம் பார்க்கவேண்டும். ஒரு கண்ணாடி கொடுத்தால் அவரே பார்க்கலாம். சிவந்த இடம் பாரம் எடுத்து அரை மணித்தியாலத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி பாரம் விழக்கூடாது. அதைத் தேய்க்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தைச் சனம் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறது. அதைத் தூக்கிப்போடுங்கள். வளையம் அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பாதுகாக்க நினைத்த இடத்துக்கே கேடு வரும்.

அடுத்தது இதைவிட முக்கியம். நெஞ்சுக்குக் கீழ் உணர்வில்லை என்றால் முள்ளந்தண்டில் ரீ6 என்ற மட்டத்துக்கு மேலே அடிபட்டிருக்கக்கூடும். கிளினிக் கொப்பியைப் பாருங்கள். அப்படியானவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலையிடி, முகம் சிவத்தல், கழுத்துக்கு மேலே வியர்வை வந்தால் அது வெயில் தலையிடி அல்ல. பிறசர் பாய்ந்து ஏறுகிறது. படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, பெல்ட், இறுக்கமான உடுப்பு எல்லாவற்றையும் தளர்த்தி, சலம் போகும் கத்தீற்றர் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும், இல்லாவிட்டால் மலச்சிக்கல். உடனே அடங்கவில்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். அம்புலன்சில் வருபவர்களிடம் முள்ளந்தண்டுக் காயம் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். இது தெரியாமல் பனடோல் கொடுத்துப் படுக்க வைத்த வீடுகள் உண்டு.

சில்லுப்பயணி:

நான் 2009 இல இருந்து கதிரையில. கொக்குவிலில இருக்கிறன். பிசியோ ஐயா எழுதினது ஒவ்வொரு வரியும் உண்மை. அந்தத் தலையிடி எனக்கு இல்லை, எனக்கு அடிபட்டது கீழ் மட்டம். ஆனா என்ர கூட்டாளி ஒருத்தருக்கு வந்ததைப் பார்த்திருக்கிறன். குழாய் தொடைக்குக் கீழ அகப்பட்டு மடிஞ்சிருந்தது, அவ்வளவுதான். எடுத்துவிட்டோன்ன பத்து நிமிசத்தில ஆள் வழமைக்கு வந்திட்டார்.

பனிக்காலம் அக்கா, உங்கட தம்பியின்ர புண்ணை வாசிக்கேக்க என்ர உடம்பு கூசினது. எனக்கும் ரெண்டு தரம் வந்தது. ஆனா ஒண்டு கேக்கிறன். "அவன்ர விருப்பம் எண்டு சொல்ல வாய் வராது" எண்டு எழுதியிருக்கிறியள். தம்பிக்கு என்ன வயசு? கதிரையில இருந்திரா விட்டால் அந்த வயசு ஆம்பிளை கோயிலுக்குப் போறதுக்கு ஆரும் ரொறொன்ரோவில இருந்து அனுமதி குடுக்கவேணுமோ?

எனக்கு முதல் நாலு வருசம் வீட்டுக்காரர்தான் எல்லாம் தீர்மானிச்சவை. எப்ப எழும்புறது, எந்தச் சேர்ட், ஆர் என்னைப் பார்க்க வாறது. ஆருமே கொடுமை செய்யேல்லை, எல்லாம் அன்பு. அந்த அன்புக்குள்ள நான் ஒரு சாமான் மாதிரிக் கிடந்தனான். பேந்து ஒரு பெடியன் வேலைக்கு வந்தான். முதல் நாள் வந்து "அண்ணை, தேத்தண்ணி முதலோ முகம் கழுவிறது முதலோ?" எண்டு கேட்டான். நாலு வருசத்தில என்னட்ட ஒருத்தர் ஒழுங்கு கேட்டது அதுதான் முதல் தரம். தேத்தண்ணி எண்டு சொன்னனான். எனக்கு அழுகை வந்தது.

இலங்கை ஐ.நா.வின்ர இயலாமையுடைய ஆக்களின்ர உரிமைகளுக்கான சமவாயத்தில 2007 இல கையெழுத்து வைச்சு 2016 இல ஏற்புறுதி செய்தது. அதின்ர 19 ஆம் உறுப்புரையில ஆரோட, எங்க, எப்பிடி வாழுறது எண்டு தெரிவு செய்யிறதும், அதுக்கு உதவிக்கு ஆள் கிடைக்கிறதும் உரிமை எண்டு இருக்கு. அந்த உதவியாள்தான் நீங்கள், வேப்பமரத்தடி. நீங்கள் அக்காவின்ர காவலாளி இல்லை, அண்ணையின்ர காலும் கையும்.

இணுவில் அம்மா:

என்ர மகனுக்கு 14 வயசு. பிறந்ததில இருந்து மூளைவாதம். கதைக்கமாட்டான். ஆனா மேல பார்த்தால் ஓம், கண்ணை இறுக்கி மூடினால் இல்லை. இதை நானும் அவனும் சேர்ந்து கண்டுபிடிச்சதுக்கு ஏழு வருசம் எடுத்தது.

போன வருசம் ஒரு பிள்ளை உதவிக்கு வந்தவ. வேலை வடிவாச் செய்வா. ஆனா அவன் முன்னாலயே என்னட்டக் கேப்பா, "தம்பி சாப்பிட்டாரோ அன்ரி, தம்பிக்குப் பசிக்குமோ அன்ரி" எண்டு. நான் ஒவ்வொரு தரமும் "அவனைக் கேளுங்கோ பிள்ளை" எண்டுதான் சொன்னனான். அவவுக்கு வெக்கம், பதில் வராத ஆளிட்டக் கேள்வி கேக்க. ஒருநாள் நான் கிணத்தடியில நிக்கேக்க உள்ளுக்க சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் அவ ரெண்டு சேர்ட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, இவன் மேல பார்க்கிறதும் கண்ணை மூடுறதுமா அவவைப் பேய்க்காட்டுறான். அண்டையில இருந்து அவ என்னட்டக் கேக்கிறதில்லை.

சாப்பாடு தீத்துற ஆக்களுக்கு ஒண்டு. நிமிர்த்தி இருத்தித் தீத்துங்கோ, தலை பின்னுக்குச் சாயக்கூடாது, நாடி கொஞ்சம் கீழ இருக்கட்டும். விழுங்கி முடிஞ்சதைப் பார்த்துத்தான் அடுத்த வாய். புட்டு உதிரியாத் தீத்தாதேங்கோ. சொதி விட்டு நல்லாக் குழைச்சுக் குடுங்கோ. சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் படுக்கப் போடக்கூடாது. இவனுக்கு ரெண்டு தரம் நெஞ்சில சளி கட்டி ஆஸ்பத்திரியில வைச்சிருந்தனாங்கள். நான் அவசரத்தில செய்த பிழைதான் காரணம். சொல்லாமல் விட மனம் வரேல்லை.

மெல்பேர்ண்வாசி:

நான் 2016 இல இருந்து இஞ்ச டிசெபிலிற்றி சப்போர்ட் வேர்க்கர். யாழ்ப்பாணத்தில பிறந்து வளந்தனான், இந்துக் கல்லூரியில படிச்சனான். இஞ்சத்தை முறையைக் கொஞ்சம் சொல்லுறன், ஊருக்கு எது பொருந்தும் எண்டு நீங்கள் பாருங்கோ.

அவுஸ்திரேலியாவில 2013 இல சட்டம் கொண்டுவந்து என்.டி.ஐ.எஸ் எண்டு இயலாமையுடைய ஆக்களுக்கு ஒரு திட்டம் நடக்குது. காசு நிறுவனத்துக்குப் போறதில்லை, அந்த ஆளின்ர பேரில ஒரு திட்டம் போட்டு, அதில என்ன உதவி வேணும் எண்டு எழுதி ஒதுக்குவினம். எனக்கு ஆர் பொறுப்பு எண்ட கேள்வி அதால எழும்பாது. வேலைக்கு முன்னம் எங்களுக்குப் பின்னணிச் சோதனை உண்டு, நடத்தைக் கோவை உண்டு. ஆனா எல்லாம் சொர்க்கம் எண்டு நினையாதேங்கோ. நான் பார்க்கிற ஒரு ஐயாவுக்கு ஒரே மாசத்தில ஒம்பது பேர் மாறி மாறி வந்தவை. ஒவ்வொருத்தருக்கும் தன்ர உடம்பை முதலில இருந்து விளங்கப்படுத்தவேணும் அவர். வேப்பமரத்தடி அந்த அண்ணையோட மூண்டு மாசம் நிலையா நிக்கிறார். இஞ்ச அது கனபேருக்குக் கிடைக்கிறேல்லை.

எங்களுக்குப் படிப்பிக்கேக்க அழுத்திச் சொன்னது: ஒரு ஆள் துணிஞ்சு ஒண்டைச் செய்து பார்க்கிறதும் அவரின்ர மரியாதையில ஒரு பங்கு. ஆபத்தைக் குறைக்கிறது எங்கட வேலை, ஆளைக் குறைக்கிறது இல்லை.

ஊருக்குப் பொருந்திற ஒண்டு: எழுதி வைக்கிறது. ஒரு சி.ஆர் கொப்பி வாங்குங்கோ. எத்தினை மணிக்குப் பக்கம் மாத்தினது, தண்ணி எவ்வளவு, சலம் எவ்வளவு, நிறம், தோல் எப்பிடி, என்ன மருந்து. கண்டதை எழுதுங்கோ, உங்கட அபிப்பிராயத்தை எழுதாதேங்கோ. "இண்டைக்கு அண்ணை கோவமா இருந்தார்" எண்டு எழுதினால் அது அவரைப் பற்றின தீர்ப்பு. "மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைச்சார், கதவைச் சாத்தச் சொன்னார், கமரா கதை வந்த பிறகு" எண்டு எழுதினால் அக்காவுக்கு விளங்கும். கொப்பி அண்ணையின்ர மேசையில இருக்கட்டும். அவர் வாசிக்கக்கூடாத ஒண்டும் அதில இருக்கக்கூடாது.

வேப்பமரத்தடி:

இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. கிளினிக் கொப்பி பார்த்தன், ரீ4 எண்டு போட்டிருக்கு. பிசியோ ஐயா, அண்ணைக்குப் போன வருசம் ஒருக்கா அந்தத் தலையிடி வந்ததாம். அம்மா நெத்திக்குக் கோடாலித் தைலம் பூசிப் படுக்க வைச்சவவாம். நீங்கள் எழுதினதை நாங்கள் ரெண்டு பேரும் இருந்து வாசிச்சனாங்கள், அம்மாவையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினனாங்கள். பேந்து அண்ணை தன்ர கையால ஒரு மட்டையில எழுதி கட்டில் தலைமாட்டில ஒட்டியிருக்கிறார்.

எனக்கு இன்னொரு பிரச்சினை. கட்டிலில இருந்து கதிரைக்கு மாத்தேக்க நான் கக்கத்துக்குக் கீழ பிடிச்சுத் தூக்குறனான். நாரி பிடிச்சுப்போட்டுது.

மந்திகை அக்கா:

ஐயோ தம்பி, உடன நிப்பாட்டுங்கோ. நானும் முதல் ரெண்டு வருசம் அப்பிடித் தூக்கித்தான் இப்ப நாரிக்குப் பட்டி கட்டிக்கொண்டு திரியிறன். அவருக்கும் தோள்மூட்டு கெட்டுப்போகும். கதிரை ஆக்களுக்குத் தோள்தான் கால், அதைக் கெடுத்தால் பேந்து ஒண்டும் இல்லை.

பலகை செய்யுங்கோ. ஓடாவியார் ஒருத்தரைப் பிடிச்சு, நல்ல தடிப்பான பிளைவூட்டில ரெண்டரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ரெண்டு அந்தமும் சீவி மெலிசாக்கி, சிம்பு இல்லாமல் அரம் போட்டு, வார்னிஸ் அடிச்சு. கதிரையைக் கட்டிலோட அணைச்சு நிப்பாட்டி பிறேக் போடுங்கோ. அந்தப் பக்கத்துக் கைபிடியும் கால்தட்டும் கழட்டுங்கோ. கட்டிலும் கதிரையும் ஒரே உயரமா இருக்கவேணும். கட்டில் பதிவெண்டால் காலுக்கு மரக்குத்தி வையுங்கோ. பலகையின்ர ஒரு அந்தம் அவருக்குக் கீழ, மற்றது கதிரையில. அவர் கையூண்டிக் கொஞ்சம் கொஞ்சமா நகருவார், நீங்கள் முன்னுக்கு நிண்டு முழங்காலைக் காத்தால் போதும். வெறும் தோலோட பலகையில இழுபடக்கூடாது, உரஞ்சிப்போடும். சாரமோ துவாயோ இடையில இருக்கட்டும்.

பாரிசவாத ஆக்களைப் பார்க்கிறவைக்கு இது வேறை. கதிரையை நல்ல பக்கம் வையுங்கோ. சட்டை போடேக்க ஏலாத கை முதல், கழட்டேக்க நல்ல கை முதல். ஏலாத கையைப் பிடிச்சு ஒருக்காலும் இழுக்கக்கூடாது.

இன்னொண்டும் சொல்லவேணும். சம்பளம், நேரம், லீவு, என்ன வேலை எண்டதை ஒரு பேப்பரில எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. இல்லாட்டி மெல்ல மெல்ல முத்தம் கூட்டுறது, சந்தைக்குப் போறது, சொந்தக்காரர் வந்தால் சமைக்கிறது எல்லாம் உங்கட தலையில வரும். எனக்கு ஒரு வீட்டில மாடு கட்டுறது வரைக்கும் வந்தது. ஏஜென்சியால போறவை எண்டால் ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) போடுகினமோ எண்டு கேளுங்கோ: உங்களிட்டக் கழிக்கிறது நூற்றுக்கு 8, அவை போடவேண்டியது 12, ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னும் 3. உங்களிட்ட 8 ஐக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் போடாத இடமும் இருக்கு, நான் பட்டிருக்கிறன். என்.வி.கியூ. எண்ட தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒண்டும் எடுத்து வையுங்கோ, பராமரிப்புக்கெண்டு பயிற்சி இருக்கு. வெளிநாடு போகத்தான் எல்லாரும் எடுக்கினம். ஊரில நிண்டு வேலை செய்யிறதுக்கும் அது எங்களுக்கு ஒரு முதுகெலும்பு.

பனிக்காலம்:

சில்லுப்பயணி கேட்ட கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ள நிண்டது. தம்பிக்கு 38 வயசு.

அண்டைக்கு இரவு அவனுக்கு எடுத்து, கலியாணத்துக்குப் போனதைப் பற்றிக் கேட்டன். புண்ணைப் பற்றிக் கதைப்பான் எண்டு நினைச்சன். அவன் கதைச்சது மாப்பிள்ளைத் தோழனைப் பற்றி, ஐஸ்கிறீமைப் பற்றி, பழைய கூட்டாளி ஒருத்தன் மண்டபத்தில கதிரையோட சேர்த்து இவனைத் தூக்கினதைப் பற்றி. ரெண்டு மாசம் வாட்டில கிடந்தது ஒரு வசனம்தான்.

நான் இன்னும் பயப்பிடுறன். அது போகாது. கமரா எங்கட வீட்டிலயும் இருக்கு. அவனிட்ட ஒருக்காலும் கேக்கேல்லை எண்டது இப்பதான் விளங்குது. வேப்பமரத்தடி, அக்காவோட கோவிக்காதேங்கோ. இஞ்ச ரெண்டு வேலை செய்து போட்டு, விடிய எழும்பி போனைப் பார்க்கேக்க ஊரில இருந்து மிஸ்கோல் இருந்தால் நெஞ்சு நிண்டு போகும்.

சில்லுப்பயணி:

நன்றி அக்கா. நீங்கள் தம்பியிட்டக் கேட்டது பெரிய விசயம்.

கமராவுக்கு என்ர யோசனை: வாசல், விறாந்தையைப் பார்க்கிற மாதிரி எண்டால் சரி. கட்டிலைப் பார்க்கக்கூடாது. அந்தக் கட்டிலிலதான் எங்களுக்கு உடுப்பு மாத்துறது, பம்பேர்ஸ் மாத்துறது, வயிறு கழுவுறது எல்லாம். அதை அக்கா தங்கச்சி போனில பார்க்கக்கூடிய நிலை இருக்கெண்டு நினைச்சாலே போதும், சோறு இறங்காது. அந்த அண்ணை அண்டைக்குச் சாப்பிடாதது எனக்கு நல்லா விளங்குது. ஆளுக்குப் பக்கத்தில ஒரு மணி வையுங்கோ, போனைக் கழுத்தில போட்டுவிடுங்கோ, அது காணும்.

இனி நல்லூர். நான் மூண்டு தரம் போனனான், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன். தேரண்டைக்கு வேண்டாம். 25 நாள் திருவிழாவில சனம் குறைஞ்ச நாள் கனக்க இருக்கு. முதல் கிழமையில ஒரு காலைத் திருவிழாவுக்குப் போங்கோ, வெயில் ஏற முன்னம் திரும்பலாம். அடிபட்ட மட்டத்துக்குக் கீழ எங்களுக்கு வேர்க்காது, உடம்பு தானாக் குளிராது. ஸ்பிறே போத்தலில தண்ணி கொண்டுபோய் முகம், கழுத்து, கைக்கு அடியுங்கோ, ஈரத் துவாய் தலையில போடுங்கோ.

வீதி முழுக்க மணல் போட்டிருப்பினம், பிரதட்டை பண்ணுற ஆக்களுக்காக. முன் சின்னச் சில்லு புதையும். முன்னுக்குத் தள்ளினால் ஆள் முகங்குப்புற விழுவார். கதிரையைத் திருப்பி, பின்னுக்குச் சாய்ச்சு, பெரிய சில்லு ரெண்டிலயும் பாரத்தை விட்டு பின்பக்கமா இழுங்கோ. சாய்க்க முன்னம் "சாய்க்கிறன் அண்ணை" எண்டு சொல்லுங்கோ. செருப்பில்லாமல் வெறுங்காலோட போவார், கால்தட்டு இரும்பு வெயிலில சுடும், அவருக்குத் தெரியாது. துவாய் மடிச்சு விரியுங்கோ. ஓட்டோவில ஏத்தேக்க கதிரைக் குஷனையும் எடுத்து அவருக்குக் கீழ போடுங்கோ, ஓட்டோ சீற்றில சும்மா இருத்தாதேங்கோ. காலில கட்டுற சலப்பையை வெளிக்கிட முன்னம் வெறுமையாக்குங்கோ. போத்தல் ஒண்டு கொண்டுபோங்கோ.

சனம் வந்து தலையைத் தடவி "பாவம்" எண்டும். காசு மடியில போடுற ஆக்களும் இருக்கினம். அதுக்கு அண்ணை என்ன சொல்ல விரும்புறார் எண்டு முன்னமே கேட்டு வையுங்கோ. நீங்கள் சண்டைக்குப் போகாதேங்கோ, அவர் சொல்லட்டும்.

இணுவில் அம்மா:

இயலாமையுடைய ஆக்களுக்கு அரசாங்கம் தாற மாதாந்தக் கொடுப்பனவு எடுக்காத குடும்பங்கள் இஞ்ச வாசிச்சால்: வருமானம் குறைஞ்ச குடும்பம் எண்டால் கிராம சேவையாளருக்கூடாகப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கோ. 2025 பட்ஜெட்டில 7,500 ஐ 10,000 ஆக்கினவை. அது ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கக் காணாது, பம்பேர்ஸுக்கும் மருந்துக்கும் போய்விடும். ஆனாலும் விடாதேங்கோ. செயற்கைக் கால் தேவையான ஆக்களுக்கு 1987 இல இருந்து யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கு. படிக்கிற வயசுப் பிள்ளையள் எண்டால் கோண்டாவிலில சிவபூமி பாடசாலை, காது கேளாத, கண் தெரியாத பிள்ளையளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை. வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டாதேங்கோ. நான் அஞ்சு வருசம் பூட்டி வைச்சனான்.

வேப்பமரத்தடி:

நல்லூருக்குப் போட்டு வந்திட்டம்.

அக்காவோட அண்ணையே கதைச்சார், முக்கால் மணித்தியாலம். நான் கிணத்தடியில நிண்டனான். முடிஞ்சு என்னைக் கூப்பிட்டு "ஓம் எண்டிட்டா, ஆனா கொப்பியைப் படம் எடுத்து ஒவ்வொரு நாளும் அனுப்பட்டாம்" எண்டார். கமரா விறாந்தைக்குப் போகுது.

ஆறாம் திருவிழாவுக்குப் போனனாங்கள், காலமை. நானும், அண்ணையிட்டப் படிக்கிற பெடியன் ஒருத்தனும். வேட்டிதான் வேணும் எண்டார், பலகையில நகரேக்க அவிழும் எண்டு தெரிஞ்சும். ரெண்டு தரம் அவிழ்ந்தது, ரெண்டு தரமும் கட்டினம். மணலில முதல் பத்தடி நான் மறந்துபோய் முன்னுக்குத் தள்ளிப்போட்டன், சில்லு இறுகி ஆள் ஆடிப்போனார். பேந்து திருப்பி இழுத்தம். பின்பக்கமாப் போறதால அவருக்குக் கோபுரம் தெரியேல்லை. "நிப்பாட்டு, இப்ப திருப்பு" எண்டு அவர் சொன்ன இடத்தில திருப்பினன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. கை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கினார். வயித்துக்குப் பலமில்லை, கை தூக்கினால் முன்னுக்குச் சரிவார் எண்டு எனக்குத் தெரியும், அதால பின்னுக்கு நிண்டு தோளைப் பிடிச்சுக்கொண்டன். சுவாமி எங்களைத் தாண்டிப் போகும் மட்டும் அப்பிடியே நிண்டம்.

ஒரு அம்மா வந்து நூறு ரூபா மடியில வைச்சா. அண்ணை எடுத்துத் திருப்பிக் குடுத்து "நான் வாத்தியார் அம்மா, கோயில் உண்டியலில போடுங்கோ" எண்டார்.

வீட்டை வந்து தோல் பார்த்தம். இடது குதிக்காலில மட்டும் ஒரு சிவப்பு, பாரம் எடுக்க 20 நிமிசத்தில போட்டுது. எழுதியிருக்கிறன். பின்னேரம் என்ர அம்மா எங்க போனனி எண்டு கேட்டா. மந்திகை அக்கா சொன்ன மாதிரி விடியத்தில இருந்து சொன்னன். அவ இடையில ஒண்டும் சொல்லேல்லை. அந்த மனிசன் என்ன சாப்பிடுவார் எண்டு மட்டும் கேட்டா. அடுத்தநாள் ஒரு கிண்ணத்தில எள்ளுப்பாகு தந்து விட்டா.

இப்ப அண்ணை கசூரினாக் கடற்கரைக்குப் போகவேணும் எண்டுறார். கரையில இருக்க இல்லை, தண்ணிக்குள்ள. கதிரையை இறக்கலாமோ?

சில்லுப்பயணி:

கதிரையை இறக்காதேங்கோ, உப்புத்தண்ணி பெயரிங்கைத் தின்றுபோடும். கைபிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரை ஒண்டு கொண்டுபோங்கோ, குஷனுக்குப் பதிலா லைஃப் ஜக்கெற்றை மடிச்சு வைச்சு, நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு பட்டி, நாலு பேர் தூக்கினால் சரி. அங்க கனதூரத்துக்கு முழங்கால் அளவுதான் தண்ணி, அலையும் இல்லை. காலுக்குத் தடிச்ச சொக்ஸ் போடுங்கோ, சிப்பி வெட்டினால் தெரியாது. கத்தீற்றரோட கடலுக்க இறங்கலாமோ எண்டு கிளினிக்கில ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போங்கோ. எந்த ஞாயிறு எண்டு சொல்லுங்கோ, நானும் வாறன்.